முண்டு மரம்: பச்சையிலா, காய்ந்த பிறகா?

கேள்வி: வன்மர முண்டு (மரத்தில் புடைத்து வளரும் கட்டி) ஒன்றை அறுத்து நான்கு நாளாகிறது. குறுக்களவு 30 செ.மீ. கிண்ணமாகக் குடைய வேண்டும். இப்போதே உளி வைக்கலாமா, காய விடலாமா?

பதில்: இப்போதே குடையுங்கள், இழைத்து முடிப்பது காய்ந்த பிறகு. முண்டில் ரேகை, அதாவது மர நாரின் வரி, ஒரே போக்கில் ஓடாது, எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கும். பச்சையில் அது உளிக்கு இணங்கும். காய்ந்ததோ கல், எந்தப் பக்கம் ஓட்டினாலும் எங்காவது எதிர் ரேகை பிய்ந்து வரும். முழுசாகவே காய வைத்தால் வேறு சிக்கல்: வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும், ஈரமான உட்பக்கம் சுருங்காது. அந்த இழுபறியில் மேற்பரப்பு வெடிக்கும். இந்தத் தடிமனுக்கு உள்ளே காய்வதற்கும் ஆண்டுக்கணக்காகும்.

சுவரைக் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 செ.மீ. விடுங்கள். அடிப்பக்கமும் அதே கனம்தான். பலர் தவறுவது இங்கேதான்: அடியைக் கனமாக விட்டால் மெல்லிய சுவர் முந்திக் காய்ந்து, இரண்டும் சேருமிடத்தில் கீறல் விழும். உள் மூலையை வளைவாகவே குடையுங்கள். மரத்தின் நடுக்குருத்து (தண்டின் நட்டநடுவிலுள்ள மென்பகுதி) முண்டுக்குள் வந்திருந்தால் வெட்டி எறியுங்கள். அது இருந்தால் வெடிப்பு அநேகமாக நிச்சயம்.

பிறகு விளிம்பில் உருக்கிய மெழுகைத் தடவி, காகிதப் பைக்குள் வைத்து, காற்றடிக்காத நிழலில் விடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை எடை போட்டு, பென்சிலால் கிண்ணத்திலேயே குறியுங்கள். மூன்று நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம். அதற்குள் கிண்ணம் கோணியிருக்கும். அதைச் சீவிச் சரிசெய்யத்தான் அந்த 3 செ.மீ. கனம். உப்புத்தாளையும் அப்போதுதான் எடுக்க வேண்டும், ஈர மரத்தூள் தாளை அடைத்துவிடும்.

கோணல் அழகுதான் என்பவர்கள், பச்சையிலேயே 5 மி.மீ. வரை சீராக மெலித்து ஒரே மூச்சில் முடிக்கலாம். மெல்லிய சுவர் வெடிப்பதைவிட வளையவே பார்க்கும். மூடி பொருத்தும் பாத்திரத்துக்கு இது ஆகாது.

கேள்வி: குடைந்து வைத்த மறுவாரமே மயிரிழைக் கீறல். காப்பாற்ற முடியுமா?

பதில்: வேகமாகக் காய்கிறது. நீர் போலிருக்கும் சூப்பர் க்ளூவைக் கீறலில் ஓடவிட்டு, காகிதப் பையை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போடுங்கள். கீறல் உள்ளே புதைந்த பட்டையிலிருந்து கிளம்பியிருந்தால் முதலில் பட்டையைச் சுரண்டி எடுங்கள். பட்டைமேல் பசை நிற்காது.