ஊசி போட்டால் ஒரு கிழமை நிற்கிறது, பிறகு மறுபடியும் இருமல். என் நாய்க்கு என்னவாக இருக்கும்?

எங்கள் பிளாக்கிக்கும் இதே கதைதான், கடைசியில் அது மூச்சுக்குழாயில் வரும் ஒருவகை ஒவ்வாமை நோய் என்று தெரிந்தது. மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் எடுத்து வளர்த்த தெருநாய். கழுத்தை நீட்டி, முன்னங்காலை அகட்டி நின்று இருமும். கடைசியில் ஓங்காளித்து வெள்ளை நுரை கக்கும். "மீன் முள்ளு சிக்கியிருக்குகா, சோத்து உருண்டை குடு" என்றார் பக்கத்து வீட்டு மாமி. கொடுத்தோம். அதையும் கக்கியது.

முதலில் காட்டிய இடத்தில் இரண்டு தரம் அன்டிபயோட்டிக், மாற்றமில்லை. மூன்றாம் தரம் போட்ட ஊசியோடு இருமல் அடங்கி, பத்து நாளில் திரும்பியது. அது ஸ்டீரொயிட், அதாவது அழற்சியை அடக்கும் மருந்து, என்று வைத்தியர் எழுதிய துண்டைப் பார்த்துப் பிறகுதான் அறிந்தோம். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியதும் அந்த ஊசிதான்.

மகியங்கனை மலைப்பாதையின் 18 வளைவும் ஏறி பேராதனை மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்றேயில் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்திருந்தது. சாதாரண மூச்சுக்குழாய் அழற்சியிலும் (புரொங்கைட்டிஸ்) அப்படித்தான் தெரியுமாம். இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளணு கூடியிருந்தது. ஆனால் அது உடலுக்குள் இருக்கும் புழுப் பூச்சியாலும் கூடும், இந்த நோயுள்ள எல்லா நாய்க்கும் கூடுவதுமில்லை.

அதனால் முதலில் பூச்சியை விலக்க வேண்டும். இதயப் பூச்சிக்கு இரத்தம். நுரையீரல் பூச்சிக்கு மலம், அதுவும் மூன்று நாள் மலம், ஏனென்றால் குஞ்சுப் புழு தினமும் வெளிவராது. மலத்தைத் துணியில் கட்டி, புனலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரவு முழுக்கத் தொங்கவிடுவார்கள். புழு இருந்தால் நீந்தி இறங்கி அடியில் சேரும். எங்களுக்கு ஒன்றுமில்லை, இருந்தும் பூச்சி மருந்து ஒரு சுற்றுக் கொடுத்தார்கள்.

நோயைக் காட்டிக் கொடுத்தது கடைசிப் பரிசோதனைதான். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கொஞ்சம் உப்புநீர் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். பழைய ஊசியின் வேகம் தணியட்டும் என்று அதற்குச் சில கிழமை காக்க வைத்தார்கள். ஸ்டீரொயிட் அந்த இயோசினோபில் அணுக்களை அழித்துவிடுமே. வந்த அணுக்களில் பாதிக்கு மேல் இயோசினோபில். பெயர் இயோசினோபிலிக் புரொங்கோநியுமோபதி, ஒருவகை ஒவ்வாமை அழற்சி. சைபீரியன் ஹஸ்கிக்கு அதிகம் வருமாம். எங்கள் கடற்கரைத் தெருநாய்க்கு ஹஸ்கி வியாதி!

ஆகவே அடுத்த ஊசிக்கு முன் இந்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். போட்ட ஊசிகளை எழுதிய வைத்தியர் துண்டுகளையும் கொண்டு போங்கள்.

மருந்து கடைசியில் அதே ஸ்டீரொயிட்தான், பிரெட்னிசலோன், ஆனால் மெதுவாகக் குறைத்து. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் அரைக் குளிசை. இருமல் இல்லை. ஸ்டீரொயிட் தரும் தாகத்தால் தண்ணீர்ச் சட்டியைத்தான் நாளுக்கு மூன்று தரம் நிரப்ப வேண்டியிருக்கிறது.