தட்டில் சாகும் கிருமி

அன்புள்ள ஐயா,

பூண்டு, வேம்பு, மஞ்சள் எல்லாம் கிருமியைக் கொல்கின்றன என்று ஆய்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. பிறகு ஏன் டாக்டர்கள் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் எதுவும் செடியிலிருந்து வரவில்லை? மருந்து கம்பெனிகள் மறைக்கின்றனவா? சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை சாப்பிடும் என் தம்பி, அதை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறப்போவதாகச் சொல்கிறான்.
கே.

அன்புள்ள கே.,

முதலில் தம்பியிடம் சொல்லுங்கள்: மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நீங்கள் கவனித்தது சரிதான். ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தந்தவை. ஆனால் இதில் சதி எதுவும் இல்லை, அளவுதான் சிக்கல். நல்ல ஆன்டிபயாடிக்குக்கு ஒரு மில்லி லிட்டரில் சில மைக்ரோகிராம் போதும். செடிப் பொருள்கள் பலவற்றுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். ஆய்வகத் தட்டில் அவ்வளவையும் ஊற்றிவிடலாம், ரத்தத்தில் ஏற்ற முடியாது. மஞ்சளின் குர்குமின் குடலைத் தாண்டி உள்ளே போவதே சொற்பம். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு வேறு காவல் இருக்கிறது.

அப்படியானால் செடி நோயில்லாமல் எப்படி வாழ்கிறது? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மரமஞ்சளுக்கு மஞ்சள் நிறம் தரும் பெர்பரின் பாக்டீரியாவுக்குள் நுழைந்ததும், பாக்டீரியா அதை ஒரு பம்ப் வைத்து வெளியே இறைத்துவிடும். 2000-இல், பெர்பரின் உள்ள பெர்பெரிஸ் இனச் செடிகளில் இன்னொரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். தனியாக அது எந்தக் கிருமியையும் கொல்லாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் அந்தப் பம்பை மட்டும் அடைத்துவிடும். பிறகு கொஞ்சம் பெர்பரினே போதும். ஒவ்வொரு பொருளாகப் பிரித்துச் சோதித்தால் இந்தக் கூட்டணி கண்ணில் படவே படாது. மருந்துக்கு எதிர்ப்பு பெற்ற கிருமிகளைச் சமாளிக்க இங்கேதான் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

செடி தந்த பெரிய வெற்றியும் உண்டு, பாக்டீரியாவுக்கு எதிராக அல்ல, மலேரியா ஒட்டுண்ணிக்கு எதிராக. சீன விஞ்ஞானி தூ யூயூ ஆர்டிமீசியா என்ற செடியிலிருந்து எடுத்த சாறு ஒருமுறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹொங்கின் குறிப்பைத் திரும்பப் படித்தார். அதில் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் பிரித்தெடுத்தார். 1971-இல் பலன் கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசு.

தம்பி கஷாயமும் குடிப்பதாக இருந்தால், அதில் என்னென்ன செடி சேர்கிறது என்று டாக்டரிடம் சொல்லட்டும். பெர்பரின் சில மருந்துகளை உடல் சிதைக்கும் வேகத்தைக் குறைத்து, அவற்றின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். காய்ச்சலோ முதுகு வலியோ வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம்.