பூச்சிகளின் டிஎன்ஏவில் மரபணுக்களை இயக்கும் பகுதிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? திருநெல்வேலியில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியுமா?

முடியும். பாதி வேலையைப் பாளையங்கோட்டையில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டே செய்துவிடலாம். மீதிக்கு உயிருள்ள ஈ வேண்டும். விலங்கியல் முதுகலை படிப்பதாகவும், நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியில் இதைச் செய்து பார்க்க ஆசை என்றும் கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். நானும் நெல்லைப் பக்கம் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழ ஈயின் ஜீனோமில், அதாவது அதன் முழு டிஎன்ஏ தொகுப்பில், ஏறக்குறைய 18 கோடி எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதிக் கூறுகளைத்தான் எழுத்து என்கிறோம்). புரதம் செய்யும் மரபணுக்கள் 14 ஆயிரம் அளவில்தான். கண்ணிலும் குடலிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. கால்வாயில் வரும் தண்ணீர் ஒன்றுதான், எந்த மடை எப்போது திறக்கிறது என்பதைப் பொறுத்துத்தானே எந்த வயல் பாயும் என்பது? டிஎன்ஏவில் அந்த மடை வேலையைச் செய்பவை என்ஹான்சர்கள். பெரும்பாலும் சில நூறு எழுத்து நீளம். குறிப்பிட்ட சில புரதங்கள் வந்து ஒட்டினால் மரபணு வேலை செய்யும், வேறு சில ஒட்டினால் அடங்கிவிடும்.

இதற்கு 'ஈவன் ஸ்கிப்டு' மரபணுவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பழ ஈயின் கருவில் இந்த மரபணு ஏழு பட்டைகளாக வெளிப்படும். இரண்டாவது பட்டைக்கென்றே தனியாக, சுமார் 480 எழுத்தில் ஒரு என்ஹான்சர் இருக்கிறது. பைகாய்டு, ஹன்ச்பேக் என்ற புரதங்கள் அதை முடுக்கிவிடுகின்றன. ஜயன்ட், க்ருப்பல் என்ற இரண்டும் இருபுறமும் தடுத்து நிறுத்துகின்றன. அதனால்தான் பட்டை அவ்வளவு மெல்லியதாக, சரியான இடத்தில் விழுகிறது. மற்றப் பட்டைகளுக்கான என்ஹான்சர்கள் சில மரபணுவுக்கு முன்னால் இருக்கின்றன, சில பின்னால். ஆகவே மரபணுவுக்கு முன்னால் இருக்கும் கொஞ்சத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது.

கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்? புரதக் குறியீட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. என்ஹான்சருக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. புரதம் ஒட்டும் இடத்தை மட்டும் தேடலாமே என்றால், அது ஆறெழுத்து, பத்தெழுத்து நீளம்தான். ஆறெழுத்துத் தொடர் ஒன்று சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே வரும். பழ ஈயில் மட்டும் சுமார் 44 ஆயிரம் இடங்கள்! அதில் பெரும்பாலானவை எந்த வேலையும் செய்யாதவை.

இரண்டு இனங்களின் டிஎன்ஏவை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து, மாறாமல் இருக்கும் பகுதிகளைத் தேடுவது இன்னொரு வழி. நெருங்கிய ஈ இனங்களுக்குள் இது பலன் தரும். ஆனால் ஈயும் வண்டும் பிரிந்து ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவற்றின் என்ஹான்சர்களில் எழுத்து வரிசை ஒத்துப்போகாது, செய்யும் வேலை மட்டும் ஒத்திருக்கலாம்.

இங்கேதான் 'ஸ்க்ரம்ஷா' என்ற மென்பொருள் உதவுகிறது. பழ ஈயில் ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட என்ஹான்சர்கள் 'ரெட்ஃப்ளை' தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே திசுவில் வேலை செய்கிறவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், அவற்றில் எந்தெந்தக் குறுந்தொடர்கள் அடிக்கடி வருகின்றன என்பதை ஸ்க்ரம்ஷா கற்றுக்கொள்ளும். அப்புறம் புதுப் பூச்சியின் ஜீனோமை 500 எழுத்து, 500 எழுத்தாகப் பார்த்து மதிப்பெண் போடும். வரிசை ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. கொசு, தேனீ, ஒட்டுண்ணிக் குளவி, மாவு வண்டு எல்லாவற்றிலும் 2014-லேயே இந்த முறையில் தேடியிருக்கிறார்கள்.

புகையானுக்கு வருவோம். மேலே சொன்ன பூச்சிகள் எல்லாம் கூட்டுப்புழுப் பருவம் உள்ளவை. புகையானுக்கு அது கிடையாது, ஈயிடமிருந்து இன்னும் தூரத்து உறவு. ஜீனோமும் 114 கோடி எழுத்து அளவில், திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் நிறைய. அவற்றை முதலில் மறைக்காவிட்டால் பொய் முடிவுகள் குவியும். என் யோசனை, முதலில் ஏடிஸ் கொசுவில் செய்து கை பழகுங்கள். புகையானுக்குப் போகும்போது, திறந்திருக்கும் டிஎன்ஏ பகுதிகளைக் காட்டும் 'அட்டாக்-சீக்' தரவு அந்தத் திசுவுக்குக் கிடைத்தால் கட்டாயம் சேர்த்துப் பாருங்கள்.

நீங்கள் புகையானைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பிசான நெல் பருவத்தில் மருந்து அடித்தும் புகையான் அடங்கவில்லை என்ற பேச்சை நம்மூரில் யார்தான் கேட்டதில்லை? பூச்சிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வரும் வழிகளில் ஒன்று, நஞ்சை உடைக்கும் மரபணு கூடுதலாக வேலை செய்வது. பழ ஈயில் 'சிஒய்பி6ஜி1' மரபணுவுக்கு முன்னால் 'அக்கார்ட்' என்ற தாவும் டிஎன்ஏ வந்து செருகிக்கொண்டது. அந்தத் துண்டே என்ஹான்சராக வேலை செய்து, குடலிலும் கொழுப்புத் திசுவிலும் மரபணுவை முடுக்கியது. விளைவு, டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்பு. புகையானில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லிக்கான எதிர்ப்போடு தொடர்புள்ளது 'சிஒய்பி6ஈஆர்1' மரபணு. அதன் அக்கம்பக்கத்தில் தேடுவது நல்ல ஆய்வுத் தலைப்பு.

கணினி சொல்வது ஊகம்தான். நிரூபிக்க, அந்தத் துண்டைப் பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவோடு இணைத்துப் பழ ஈயின் முட்டையில் செலுத்தி, எந்தத் திசு ஒளிர்கிறது என்று பார்க்க வேண்டும். பெங்களூரு சி-கேம்ப் நிறுவனத்தில் இதற்கென்றே ஈ ஆய்வுக்கூட வசதி இருக்கிறது. உங்கள் வழிகாட்டி மூலம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். புகையானின் துண்டு ஈயில் ஒளிராவிட்டால் உடனே தள்ளிவிட வேண்டாம், ஈயின் புரதங்களுக்கு அதைப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். அனுப்பும்போது, குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒரு துண்டையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்து அனுப்புங்கள்.