கட்டடம் முழுக்க 'உடல் கடிகார விளக்கு' வேண்டாம். முதலில் சுவிட்சைப் பிரியுங்கள்

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் 40 படுக்கைகள். நான் செவிலியர் கண்காணிப்பாளர். பழைய குழல்விளக்குகளை எடுத்துவிட்டு எல்லா வார்டுகளிலும் வெள்ளை வெளேரென்ற எல்.இ.டி. பேனல்கள் போட்டார்கள். அதன் பிறகு, நோயாளிகள் இரவில் தூக்கமே இல்லை என்கிறார்கள். இரவுப் பணிச் செவிலியர்கள் தலைவலி என்கிறார்கள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் டாக்டர் ஒவ்வொரு குழந்தையையும் ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய்த்தான் நிறம் பார்க்கிறார். விளக்குப் போட்டுக் கொடுத்தவரிடம் சொன்னால், கட்டடம் முழுக்க, நேரத்துக்கு ஏற்ப ஒளியின் நிறம் மாறும் 'உடல் கடிகார விளக்கு' போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். இப்போது வேண்டாம். அவரிடம் நிச்சயமாக வேண்டாம்.

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் மூன்று. மூன்று நோய்க்கு ஒரே மருந்து விற்பவரை எப்படி நடத்துவது என்று மருத்துவமனையில் வேலை செய்யும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் தூக்கம். இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். காலியாக இருக்கும் ஒரு படுக்கையில் பத்து நிமிடம் மல்லாந்து படுங்கள். பேனல் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் நேர் முகத்துக்கு மேலே இருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கூரையைப் பார்ப்பதில்லை. படுத்திருப்பவருக்குக் கூரையைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் வார்டுக்கு விளக்குப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் அலுவலகத்துக்குப் போட்ட அதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நான் ஆலோசனைக்குப் போன ஒரு மருத்துவமனையில், பேனலின் குறுக்கே பழைய எக்ஸ்ரே படம் ஒன்றைப் பிளாஸ்திரியால் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒட்டியது யார் என்று கேட்டேன். எந்தச் செவிலியரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் விளக்கைப் பற்றி யோசித்த ஒரே ஆள் அவர்தான்.

அடுத்து, சுவிட்சைப் பாருங்கள். ஆறு படுக்கைக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் இருக்கும். இரவு 2 மணிக்கு ஒருவரின் டிரிப் சரியாக இறங்குகிறதா என்று பார்க்க ஆறு பேரையும் எழுப்ப வேண்டியிருக்கிறது. இதற்கு விளக்கை மாற்ற வேண்டியதில்லை. இணைப்பைப் பிரித்தால் போதும். பொது வெளிச்சத்துக்கு ஒன்று, ஒவ்வொரு படுக்கைக்கும் நோயாளியின் கைக்கு எட்டும்படி ஒன்று, பரிசோதனைக்குத் தனியாக ஒன்று, தரையோரம் இரவு விளக்குக்கு ஒன்று. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 12464-1 இதைத்தான் எண்களில் சொல்கிறது: வார்டின் பொது வெளிச்சம் 100 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு), படிக்க 300, எளிய பரிசோதனைக்கு 300, சிகிச்சைக்கு 1000, இரவில் செவிலியர் சுற்றிவந்து பார்க்க 5. ஐந்துதான், ஐந்நூறு அல்ல. ஒரே சுவிட்சில் ஐந்தும் ஆயிரமும் எப்படி வரும்?

வெளிச்சத்தின் நிறத்துக்கும் தூக்கத்தில் பங்கு உண்டு. பார்ப்பதற்கு உதவும் செல்கள் தவிர, 'இப்போது பகலா இரவா' என்று மூளைக்குச் சொல்லும் தனிவகைச் செல்களும் விழித்திரையில் உண்டு. இது 2002இல் உறுதியானது. நீலம் கலந்த ஒளியை, அதாவது 480 நானோமீட்டர் பக்கத்தில் உள்ளதை, அவை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் பேனலின் பெட்டியில் அநேகமாக 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். அது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், ஏற ஏற நீலம் கூடும். 6500இல் நீலம் அதிகம். இத்துறை விஞ்ஞானிகள் கூடிப் பேசி 2022இல் வெளியிட்ட பரிந்துரை இது: கண்ணில் விழும் வெளிச்சம் பகலில் 250க்குக் குறையக் கூடாது, தூங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் 10ஐத் தாண்டக் கூடாது, தூங்கும்போது 1ஐத் தாண்டக் கூடாது. இவை நீலப் பங்கைக் கணக்கிட்டுச் சொல்லும் எண்கள். சாதாரண லக்ஸ் மீட்டரில் தெரியாது. அந்த நுணுக்கம் உங்களுக்கு வேண்டாம். பகலில் தாராளம், இரவில் கஞ்சத்தனம் என்று வைத்துக்கொண்டு, இரவு விளக்கை 2700 கெல்வினிலோ அதற்கும் கீழேயோ வாங்குங்கள். மஞ்சள் கலந்த ஒளியாக இருக்கட்டும். சிவப்பு விளக்கு போடலாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். சிவப்பொளியில் விரிப்பில் கசிந்த இரத்தம் தெரியாது. குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதிய எச்சரிக்கையும் தெரியாது.

மருந்து எடுத்து வைக்கும் மேசைக்கு மட்டும் இந்தக் கஞ்சத்தனம் ஆகாது. மூடி போட்ட ஒரு மேசை விளக்கை அங்கே வையுங்கள். வெளிச்சம் லேபிளில் விழ வேண்டும், எதிரே படுத்திருப்பவர் முகத்தில் விழக் கூடாது.

இனி டாக்டர். அவரைக் கேலி செய்யாதீர்கள், அந்தக் கட்டடத்தில் இருக்கும் மிகச் சிறந்த ஒளிமானி அவர்தான். விளக்குப் பெட்டியில் 'நிற வெளிப்பாடு 80' என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். நிறங்களை உள்ளபடி காட்டுவதற்கு விளக்கு வாங்கும் மதிப்பெண் அது, எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. ஒன்பதாவதாக ஆழ்ந்த சிவப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு 'ஆர்9' என்று பெயர். சராசரியில் அதைச் சேர்ப்பதில்லை. மலிவான எல்.இ.டி. என்பது நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு. சிவப்பு அதில் ஒப்புக்குத்தான் இருக்கும். எனவே 80 மதிப்பெண் வாங்கிய விளக்கு இந்த ஒன்பதாவது பாடத்தில் பூஜ்யம் வாங்கலாம். பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். தோலுக்கு அடியில் ஓடும் இரத்தத்தின் நிறமோ சிவப்பு. உதடு வெளிறியிருக்கிறதா, நகம் நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்ப்பவருக்குத் தேர்வில் விட்டுப்போன அந்தப் பாடம்தான் முக்கியம். பரிசோதனை செய்யும் இடங்களுக்கு நிற வெளிப்பாடு 90க்குக் குறையாமல் கேளுங்கள். ஆர்9 எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள். 50க்குக் கீழே நான் ஏற்பதில்லை. 'ஆர்9 என்றால் என்ன சார்?' என்று கேட்கும் விற்பனையாளரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

பச்சிளங்குழந்தைகள் வார்டு என்பதால் ஒன்றைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலைக்குப் போடும் நீல விளக்குக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது விளக்கே அல்ல, மருந்து. 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி, தோலில் தேங்கிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை உடல் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. அதன் அளவை லக்ஸ் மீட்டரால் அளக்கவே முடியாது. லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணைப் போலப் பச்சைக்கு மதிப்புக் கொடுப்பது. நீலத்தை அது ஏறக்குறையக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தீவிர ஒளிச்சிகிச்சைக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில், ஒரு நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட்டுக்குக் குறையக் கூடாது. அதை அளக்கத் தனி மீட்டர் உண்டு. விளக்கைச் சற்று உயர்த்தினாலே அளவு இறங்கிவிடும். ஆகவே 'பார்க்க அதே நீலம்தான்' என்று சொல்லி மாற்று பல்பு கொண்டுவருபவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். நீலம் என்பது ஒரு நிறமல்ல, பல. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டில் ஒன்று குழந்தைக்கு எந்தப் பயனும் தராமல் போகலாம். அந்த விளக்கு எரியும்போது தோலின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் கண் சொல்வது சந்தேகத்தை மட்டும்தான், அளவை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். குழந்தையின் கண்ணை மூடுவது உங்களுக்கே தெரியும். பக்கத்துத் தொட்டில் மீதும் செவிலியர் கண்ணிலும் அந்த நீலம் சிந்தாமல் திரை போடுவதைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். உங்கள் செவிலியர்களின் தலைவலியில் ஒரு பங்கு அங்கிருந்தும் வரலாம்.

மீதிப் பங்குக்கு மினுக்கம் காரணமாக இருக்கலாம். விளக்கோடு வரும், மின்சாரத்தைச் சீராக்கித் தரும் 'டிரைவர்' என்ற கருவி மட்டமானதாக இருந்தால், வெளிச்சம் நொடிக்கு 100 அல்லது 120 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் தலை வலிக்கும். விளக்கடியில் ஒரு பென்சிலை வேகமாக விசிறுங்கள். ஒரே மங்கலாகத் தெரியாமல் பத்துப் பென்சில்கள் போலத் தனித்தனியாகத் தெரிந்தால் டிரைவரை மாற்ற வேண்டும். கைப்பேசிக் கேமராவில் கோடு கோடாக ஓடினாலும் அதே கதைதான். கோடு தெரியவில்லை என்பதற்காக நல்ல விளக்கு என்று முடிவுகட்டாதீர்கள், சில கேமராக்கள் அதை மறைத்துவிடும். வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று, அதற்கு ஏற்றதல்லாத டிரைவரோடு டிம்மரைச் சேர்த்திருந்தால் மினுக்கம் இன்னும் மோசமாகும்.

உடல் கடிகார விளக்கு மோசடி அல்ல. ஜன்னலே இல்லாத தீவிர சிகிச்சைப் பிரிவில், பல நாட்கள் படுத்திருப்பவருக்கு அதனால் பலன் இருக்கலாம். ஆனால் காலையில் வெளுப்பும் மாலையில் மஞ்சளுமாக அது மாற, யாரோ ஒருவர் நேரத்தை அமைத்துக் கவனிக்க வேண்டும். நான் பார்த்த இடமொன்றில் அமைத்தவர் கடவுச்சொல்லோடு போய்விட்டார். விளக்கு நாள் முழுவதும் நண்பகலிலேயே நின்றுகொண்டிருந்தது. உங்களிடம் ஜன்னல் இருக்கிறது. 1984இல் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடும் வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஜன்னலை மறைத்து நிற்கும் அலமாரியை நகர்த்துவதற்கு இவ்வளவு ஆதாரம் போதாதா?

விளக்கு வாங்கும் குழுவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. பொறியாளர், கணக்காளர், கொள்முதல் அதிகாரி எல்லோரும் உட்காருவார்கள். இரவு 3 மணிக்கு அந்த வெளிச்சத்தில் ஊசி போடுகிறவரை யாரும் கூப்பிடுவதில்லை. விலை குறைந்தவருக்கே ஒப்பந்தம். அவர் 'அதற்கு இணையானது' என்று வேறொன்றைக் கொண்டுவருவார். இந்த 'இணையானது' என்ற ஒரு சொல்லால் கெட்ட மருத்துவமனைகள் எத்தனை! சோதனை அறிக்கையைக் கேட்டால், உள்ளிருக்கும் சில்லின் அறிக்கையைக் காட்டுவார், முழு விளக்கின் அறிக்கையைக் காட்டமாட்டார். அல்லது வேறு மாடலின் அறிக்கையாக இருக்கும். மாடல் எண்ணை விளக்கின் முதுகில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியில் ஆய்வுக்கு வருபவர் பகல் 11 மணிக்கு வருவார், விளக்குக்கு நேர் கீழே மீட்டரை நீட்டுவார், எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். ஜன்னல் வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் குறிக்கிறார் என்பது அவருக்கும் தெரியும்.

அறுவை அரங்கு வேறு உலகம். அதை இதோடு கலக்காதீர்கள்.

அந்த ஒப்பந்தக்காரர் மறுபடி வந்தால் இப்படிச் சொல்லுங்கள்: ஒரே ஒரு வார்டு. இணைப்பைப் பிரித்து, தரையோர விளக்கும் படுக்கை விளக்கும் போட்டு, இரண்டு வாரம் ஓடட்டும். அதை இரவு 2 மணிக்கு உங்கள் செவிலியரோடு அவரும் வந்து பார்க்க வேண்டும். வரமாட்டேன் என்றால் வேறு ஆள் பாருங்கள்.

குழந்தைகள் வார்டுக்கு ஆர்9 நன்றாக உள்ள விளக்கு வந்து சேரும்வரை, டாக்டர் ஜன்னலோரம் போகட்டும். அந்த ஜன்னலில் மஞ்சள் திரை தொங்கினால் அதை மட்டும் கழற்றிவிடுங்கள்.