தைலமா, வெண்ணெயா: இரண்டு சம்பங்கி சென்ட்கள்

வணக்கம்.

ராபர்ட் பிகேயின் ஃப்ராக்கா, செர்ஜ் லுட்டான்ஸின் ட்யூபரோஸ் கிரிமினெல் இரண்டிலும் 2 மில்லி சாம்பிள் வாங்கி, மணிக்கட்டுக்கு ஒன்றாக அடித்துப் பார்த்தேன். முதலாவது தலையைச் சுற்றவைத்தது. இரண்டாவது மூட்டுவலித் தைலம்! ஏசி அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போக எந்த பாட்டிலை வாங்கலாம்?

வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டதுதான் சிக்கல். ஃப்ராக்கா மூக்கை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பதில் காரமான முனை மட்டும்தான் தெரியும்.

அந்தத் தைல வாசம் கலப்படமல்ல. வலித் தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் சம்பங்கிப் பூவிலேயே உண்டு. பாதி விரிந்த மொட்டு ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள்; இனிப்புக்கு அடியில் பச்சையாக, சில்லென்று ஒன்று ஏறும். 1999-இல் ட்யூபரோஸ் கிரிமினெலைச் செய்த கிரிஸ்டோபர் ஷெல்ட்ரேக் அதை மறைக்காமல் முன்னால் நிறுத்திவிட்டார். சருமத்தைப் பொறுத்து அரைமணி நேரத்துக்குள் அது அடங்கி, பூ வரும். 1948-இல் ஜெர்மெய்ன் செல்லியே செய்த ஃப்ராக்கா நேரெதிர். ஆரஞ்சுப் பூ, மல்லிகை, சந்தனம் எல்லாம் சேர்ந்து வெண்ணெய் போலக் குழைந்த சம்பங்கி. முதல் நொடியில் எப்படியோ, கடைசிவரை அப்படித்தான். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கே அமளி என்றுதான் பொருள்.

மறுபடி சோதியுங்கள், வேறு வேறு நாட்களில். முழங்கையின் உள்பக்கம் ஒரே ஒரு அழுத்தல். தேய்க்க வேண்டாம். 5 நிமிடம், 30 நிமிடம், 3 மணி நேரம் என்று மூன்று முறை முகர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். 30-ஆவது நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவரையும் கேளுங்கள். உங்கள் மூக்கு அதற்குள் பழகியிருக்கும். வாசம் போய்விட்டது என்று நினைத்து இன்னொரு முறை அடிப்பதால்தான் பக்கத்து மேசைக்காரருக்குத் தலைவலி வருகிறது.

அலுவலகத்துக்கு என் ஓட்டு கிரிமினெலுக்கு. கிளம்புவதற்கு அரைமணி முன்பு, குளித்துத் துவட்டியதும், இரண்டு அழுத்தல். தைலம் வீட்டோடு நின்றுவிடும். ஏசி அறையில் ஒரே காற்று சுற்றிச் சுற்றி வருவதால் ஃப்ராக்கா அங்கே அடங்காது. போட்டே தீரவேண்டுமென்றால் கழுத்தில் வேண்டாம். சட்டைக்குள் வயிற்றில் ஒரு அழுத்தல் போதும். மாலை நேரத்து திறந்தவெளிக் கல்யாண வரவேற்புக்கு ஃப்ராக்காவை மிஞ்ச வேறொன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று முறை பார்த்தும் அந்தத் தைலம் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பழகிக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் இவற்றுக்குப் பதிலாக மலிவாக 'சம்பா' அத்தர் வாங்கிவிடாதீர்கள். அது சண்பகம்; மரத்தில் பூப்பது, வேறு வாசம்.

எதை வாங்கினாலும் பட்டுப் புடவையில் நேரே அடிக்காதீர்கள், கறை விழலாம். பாட்டிலைப் பெட்டியோடு அலமாரிக்குள் வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரமும் குளியலறையும் ஆகாது.