மேகத்துக்குள் ஓர் இன்ஜின் நின்றால்

தேவகோட்டை அன்பருக்கு வணக்கம். சிமுலேட்டரில், மேகத்துக்குள் இடது இன்ஜின் நின்றதும் உயரத்தைக் காக்க மூக்கைத் தூக்கியதாகவும், வலது இன்ஜின் ஓடியும் விமானம் இடப்புறம் கவிழ்ந்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

பாதிச் சக்தி போனால் ஏறுதிறனும் பாதிதான் போகும் என்று எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது. மட்டமாகப் பறப்பதற்கே சக்தியின் பெரும்பங்கு செலவாகிவிடுவதால், ஏறுதிறனில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ போய்விடுகிறது. அந்நிலையில் மூக்கைத் தூக்கினால் வேகம்தான் குறையும். அது வேகமானியின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியதும், முழுச் சக்தியில் இழுக்கும் வலது இன்ஜினைச் சுக்கானால் தடுக்க இயலாது. ஆகவே உயரம் குறைந்தாலும், ஓர் இன்ஜினில் மிகச் சிறப்பாக ஏறத் தரும் வேகமான நீலக் கோட்டு வேகத்தை விடாதீர்கள். மேகத்தில் உள்காது பொய் சொல்லும் என்பதால், செயற்கை அடிவானத்தைப் பார்த்து வலப்புறம் இரண்டு மூன்று பாகை சாய்த்துப் பிடியுங்கள். பக்கச் சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து சற்றே வலப்புறம் விலகி நிற்கும், அதை நடுவுக்குக் கொண்டுவர முயல வேண்டாம்.

விமானத்தை நேராகப் பிடிக்கையில் சுக்கான் மிதியை அழுத்தாமல் எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க இன்ஜின்தான் நின்றது. எனினும் அதன் த்ராட்டிலை (சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) மெல்லப் பின்னிழுத்து, எதுவும் மாறவில்லை என்று கண்ட பிறகே புரொப்பெல்லரின் அலகுகளைக் காற்றோட்டத்துக்கு நேராகத் திருப்புங்கள். 2015 பிப்ரவரியில் தைபேயில் விழுந்த டிரான்ஸ்ஏசியா விமானத்தில், நன்றாக ஓடிய இன்ஜினைத்தான் நிறுத்திவிட்டார்கள்.

செட்டிநாட்டுப் பழைய ஓடுபாதையில் இறங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி மழைமேகம் தாழ்ந்திருக்கையில், கருவி வழி இறங்க வசதியற்ற அந்தப் போர்க்காலத்துத் தளத்தைத் தேடாமல் திருச்சிக்கே செல்லுங்கள்.