உள்ளரங்க ஆட்டக்காரர்களின் உணவு: கேள்வி பதில்

கேள்வி: நான் 70 கிலோ எடையுள்ள கூடைப்பந்து வீரன். வெயிலில் ஓடுவதில்லை என்பதால் சோற்றைக் குறைத்து, கோழியையும் முட்டையையும் கூட்டியிருக்கிறேன். ஆனால் இரண்டாம் பாதியில் கால்கள் கனக்கின்றனவே?

பதில்: சோற்றைக் குறைத்ததைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். பாய்ந்து ஓடுவது, சட்டென நிற்பது, எம்பிக் குதிப்பது ஆகிய அனைத்தும் மாவுச்சத்திலிருந்து உருவாகித் தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜனைக் கொண்டே நடக்கின்றன. தலைக்கு மேல் கூரை இருப்பதால் அந்தச் செலவு குறைந்துவிடாது. நாள்தோறும் ஒரு மணி நேரமளவு தீவிரப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பதால், உங்களுக்கு 350 முதல் 490 கிராம் வரை தேவைப்படும். வடித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம்தான் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் போதும். அதையும் இரவு ஒரே வேளையில் குவிக்காமல் நாள் முழுவதும் பிரித்து உண்ணுங்கள்.

கேள்வி: கபடி ஆடுகிறேன். எடை வரம்பு 85 கிலோ, நான் 87 இருக்கிறேன். போட்டிக்குப் பத்து நாள்களே உள்ளன. தண்ணீரை நிறுத்தி, ஜெர்கின் அணிந்து ஓடினால் இறங்கிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் உடலில் 2 சதவீதம் என்பது ஏறக்குறைய 1.7 கிலோ. அதற்கு மேல் நீரை இழந்தால் ஆட்டத்திறன் சரியத் தொடங்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு; நீங்களோ 2 கிலோவையும் வியர்வையாகவே வெளியேற்றப் பார்க்கிறீர்கள். எடை பார்த்த சிறிது நேரத்திலேயே ஆடுகளத்தில் இறங்க வேண்டியிருந்தால், இழந்த நீரை ஈடுகட்ட அவகாசமும் இராது. பயிற்சியாளர்கள் பலர் இதை வீரத்தின் அடையாளமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

இன்றிலிருந்தே எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு பானம், இரவு பரோட்டா ஆகியவற்றை விடுத்து, நாளுக்கு 500 கலோரி வரை குறையுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உண்பதை மட்டும் தொடாதீர்கள். பத்து நாளில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கொழுப்பு கரையலாம். கடைசி இரண்டு நாள்களில் கீரை, கேழ்வரகு, சுண்டல் போன்ற நார்ச்சத்து மிகுந்தவற்றுக்குப் பதிலாக இடியாப்பமும் வெள்ளைச் சோறும் உண்டால் குடலிலுள்ள சுமை குறைந்து எடை இன்னும் சற்று இறங்கும். உப்பையும் மட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 85-க்குள் வரவில்லையென்றால் இந்தப் போட்டியை விட்டுவிட்டு, அடுத்த பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குவதே மேல். எடை பார்த்த பின் உப்பிட்ட கஞ்சியும் வாழைப்பழமும் நல்லவை. பிரியாணி ஆட்டம் முடிந்த பிறகு இருக்கட்டும்.

கேள்வி: விடுதியில் தங்கி வாலிபால் ஆடும் மாணவி நான், சைவம். எப்போதும் சோர்வாக இருக்கிறது, மாதவிடாயும் நான்கு மாதமாக வரவில்லை. இரும்புச்சத்து மாத்திரை போதுமா?

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள், அம்மா. பயிற்சிக்கு ஏற்ற அளவு உண்ணாவிட்டால், உடல் மாதவிடாய், எலும்பு வளர்ச்சி போன்றவற்றுக்கான செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலையைத் தனியாக வரையறுத்தது. அதற்கு மாத்திரை மட்டும் தீர்வாகாது, மொத்த உணவே கூட வேண்டும். ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். உணவிலுள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேர, சுண்டலில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். உணவோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

கேள்வி: நாள் முழுவதும் அரங்கிலேயே இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறையுமா?

பதில்: குறையும், நம் வெயிலிலும்கூட. காலை இளவெயில் இதற்குப் பெரிதாக உதவாது. நடுப்பகலை ஒட்டிய வெயில் கைகால்களில் படவேண்டும். மாத்திரையை இரத்தப் பரிசோதனைக்குப் பிறகே தொடங்குங்கள்.

கேள்வி: மாலை ஆறு மணி ஆட்டத்துக்கு முன் என்ன சாப்பிடலாம்?

பதில்: மூன்று மணிக்குள் தயிர்சாதமோ இட்லியோ, ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழம். காற்றோட்டமில்லாத அரங்கில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும் என்பதால், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, சிறிது உப்போடு, அடுத்த சில மணி நேரத்தில் மெல்லக் குடித்து முடியுங்கள்.